நெய்யாற்றிலிருந்து மாமா வந்த விவரம்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
சித்திரைக் கடைசி வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி மைத்துனன் உமாசங்கருக்கு, உன் அக்காள் புருஷன் அழகியநம்பி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. நீயும் திவ்யலட்சுமியும் குழந்தையும் கோயம்புத்தூரில் தேக ஆரோக்கியத்துடன் இருக்கிறீர்கள், குழாயில் வாரம் ஒருதரமாவது தண்ணீர் வருகிறது என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அக்காள் நீலாம்பாளும் உன் அப்பாவும் இருக்கிறோம்.

மேலே உள்ள வரியில் பிழை எதுவும் இல்லை. உன் அப்பா அணைஞ்சபெருமாள் பிள்ளை, அதாவது என் மாமனார், போன வருடத்துக்கு முந்தின வருடம் பங்குனியில் காலமானதும், கருமாதிச் சாப்பாட்டில் அவியல் போதாமல் போனதும் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. இருந்தும் இப்படி எழுத வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லத்தான் உனக்குப் பலமுறை போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் "அத்தான், சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டாய். சிக்னல் இல்லாதவன் அதை அவ்வளவு தெளிவாகச் சொன்னது எப்படி என்று நான் கேட்கப் போவதில்லை. தபாலுக்கு சிக்னல் வேண்டாம் என்பதால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரை படி. உன் அக்காளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாமா எப்படி வந்தார் என்பது புரியாது. இந்த ஊர் குடிப்பது கரமனையாற்றுத் தண்ணீர் என்பது உனக்குத் தெரியும். இந்த வருஷம் கோடை மழை ஏமாற்றிவிட்டது, கரமனையாற்று அணைகள் அடித்தட்டு தெரிய வற்றிவிட்டன. தெற்கே நெய்யாற்று அணையில் மட்டும் ஓரளவு தண்ணீர் கிடந்தது. ஆகவே அணையில் மிதவை கட்டி, அதன்மேல் ராட்சத பம்புகளை ஏற்றி, நெய்யாற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாக மேட்டைத் தாண்டவைத்து, அந்தப்புறம் கரமனையாற்றில் போய்ச் சேரும் ஓடையில் விடுவது என்று மேலிடத்தில் தீர்மானித்தார்கள். ஒரு படுகையின் தண்ணீரை எடுத்து இன்னொரு படுகையில் விடுவது விளையாட்டுக் காரியமல்ல. ஓய்வு பெற்று வீட்டில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த என்னை ஒப்பந்தத்தில் திரும்பக் கூப்பிட்டு, ஜீப் அனுப்பி, மேற்பார்வையைக் கொடுத்தார்கள். தேங்காய் உடைத்து சுவிட்சைப் போட்டவனும் நானேதான். உறுமிக்கொண்டு கிளம்பிய தண்ணீர் மேடேறி அந்தப்பக்கம் விழுந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள்ளே மாமா இருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாதே. மாமாவின் அஸ்தியைக் கரைக்கப் போன அன்று நடந்ததை நினைத்துப்பார். கோடையில் அணையின் ஷட்டர் மூடியிருந்ததால் கீழே நெய்யாறு வெறும் மணலாகக் கிடந்தது. ஓடுகிற தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், இரண்டு நாள் பொறுத்தால் தண்ணீர் விடுவார்கள், இல்லாவிட்டால் சங்குமுகத்தில் கடலில் விடுங்கள் என்று பூசாரி சொன்னார். நீ கேட்டாயா? மார்ச் மாதம், ஆடிட்டர் ஆபீஸில் தலைக்குமேல் வேலை, மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று குதித்தாய். நேரே அணைக்குப் போய் வள்ளம் பிடித்து, அசையாமல் கிடந்த தண்ணீரில் கலசத்தைக் கவிழ்த்தாய். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "கடலுக்குப் போய்ச் சேருங்கப்பா" என்று சொல்லித் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டிய இடத்தில், "இங்கயே இருங்கப்பா, மழை வந்ததும் போலாம்" என்று ஏதோ பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு வருகிறவன் மாதிரி சொல்லிவிட்டு வந்தாய். மாமா எப்பேர்ப்பட்டவர் என்று உனக்குத் தெரியாதா? சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டால் விடுவாரா? மழை வந்தது, ஷட்டர் திறந்தது, எவ்வளவோ தண்ணீர் கடலுக்குப் போனது. நீ வந்து சொல்லவில்லை என்பதற்காக மாமா அங்கேயே இருந்திருக்கிறார்.

பம்ப் ஓடத் தொடங்கி நகரத்துக்குப் புதுத்தண்ணீர் வந்த முதல் காலையில் எங்கள் சமையலறைக் குழாய் செருமியது. குழாய் செருமுவது புதிதல்ல. உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் அப்படித்தான் இருக்கும், அதற்கு ஏர் லாக் என்று பெயர், நான் நீலாம்பாளுக்கு அதை ஒரு தாளில் படம் போட்டே விளக்கினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு சின்னச் செருமல், பிறகு ஒரு நீண்ட செருமல், பிறகு துப்புகிற மாதிரி ஒரு சத்தம். வெற்றிலை போட்டுவிட்டு முற்றத்தில் நின்று மாமா செருமுவது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. தண்ணீரும் கிளோரின் நாற்றமில்லாமல் உழுது போட்ட வயல் வாசனையோடு வந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழாய், "அம்பாளூ" என்றது. நீலாம்பாளை அந்தப் பெயரில் கூப்பிடுகிறவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். ஏர் லாக்குக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று அவள் என்னைக் கேட்டாள். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ்காரனான நான், போட்ட படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றையிலிருந்து தினமும் வருகிறார். அதிகம் பேசுவதில்லை. பாறசாலைக்கு அப்பால் கால்வாயின் கடைமடையில் இருந்த நம் வயலைப் பற்றித்தான் கேட்கிறார். "ஷட்டர் எப்பம் தொறப்பாவ?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் நிற்கும்வரை பதிலுக்குக் காத்திருக்கிறார். அந்த வயலை நீ மண் அடித்து, கல் நட்டு, பிளாட் போட்டு விற்றுவிட்டாய் என்பதை நான் சொல்லவில்லை. தெரிந்தால் இந்த வீட்டின் குழாய்கள் தாங்காது.

பயமாக இருந்தது, உமாசங்கர். ஆனாலும் நான் என்ஜினீயர், சும்மா இருக்க முடியுமா? ஒரு மத்தியானம் மாடிக்கு ஏறி தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே மாமாவின் முகம் தெரிந்தது என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. முகம் தெரிந்திருந்தால்கூட நான் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். தண்ணீர் சமமாக இல்லை. தொட்டியின் தெற்குச் சுவரில் ஒரு சாண் உயரமாகவும் வடக்குச் சுவரில் அவ்வளவு தாழ்வாகவும் சாய்ந்து, அலையில்லாமல், அசையாமல் நின்றது. முதலில் தொட்டிதான் சரிந்துவிட்டது என்று நினைத்து ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நட்டநடுவில் நின்றது. தொட்டி சரியாகத்தான் இருந்தது. தண்ணீர்தான் தெற்கே வயல் இருந்த திக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. நின்ற தண்ணீர் மட்டமாக இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் நான் அணை, கால்வாய், குழாய் எல்லாவற்றையும் இத்தனை காலம் கட்டினேன். மூடியை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இது எங்கள் வீட்டோடு போயிருந்தால் வாஸ்து சரியில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தெரு முழுக்க இதே கதை. எதிர்வீட்டு ஸ்ரீனிவாசன் அமாவாசையன்று குழாய்த் தண்ணீரைப் பிடித்து எள்ளைக் கையில் எடுத்துத் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஈர வேஷ்டியோடு, எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஓய், எங்கப்பாவைப் பேர் சொல்லி, கோத்திரம் சொல்லி, மூணு தரம் கூப்பிட்டேன். யாரோ ஒரு பொம்மனாட்டி மலையாளத்துல 'எந்தா?'ங்கறா" என்றார். நெய்யாற்றில் கரைந்தவர்கள் ஆயிரக்கணக்கான பேர் இருப்பார்கள், யார் எந்தக் குழாயில் ஏறுவார்கள் என்று எங்கள் ஆபீஸ் பிரித்து அனுப்ப முடியாது என்று நான் விளக்கினேன். அவருடைய அப்பா காசியில் கரைந்தவர், கங்கைத் தண்ணீரை இங்கே கொண்டுவரும் திட்டம் ஒன்று வந்தால்தான் உண்டு என்றும் சொன்னேன். அது எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த அம்மாள் இப்போது அவர் வீட்டு வாஷிங் மெஷினில் இருக்கிறார், விளக்கு வைக்கிற நேரத்தில் மலையாளத்தில் சாமி நாமம் சொல்கிறார். ஸ்ரீனிவாசனின் மனைவிக்கு முதலில் பயம், பிறகு பழகிவிட்டது, இப்போது நாமம் முடிந்த பிறகுதான் துணி போடுகிறாள்.

காலையில் தண்ணீர் வருகிற நேரத்தில் எங்கள் தெருவில் நடந்து பார்க்க வேண்டும் நீ. எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கிறது, கீழே குடமோ வாளியோ கிடையாது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் குடம் மோதுகிற சத்தமும் சண்டையும் தெருமுனைவரை கேட்கும். இப்போது தண்ணீர் விழுகிற ஓசை மட்டும் கேட்கிறது, அதைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். எனக்குப் பழைய சண்டையே தேவலை என்று தோன்றுகிறது.

பம்பை நிறுத்திவிடலாம் என்று நான் ஆபீஸில் போய்ச் சொன்னேன். அங்கே உதவிப் பொறியாளர் ஸ்வப்னா என்று ஒரு பெண், கரமனைத் தமிழ்க்குடும்பம், வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், அவசரமென்றால் இரண்டும். புகாரைப் பதிவு செய்ய அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். தண்ணீர் வரவில்லை, அழுத்தம் குறைவு, கசிவு, கலங்கல் என்று நான்கு வகைதான் அதில் உண்டு, ஆள் வருகிறது என்பதற்கு இடமில்லை, ஆகவே என் மாமனாரைக் கலங்கல் என்று பதிவு செய்தாள். வாசலில் பெரிய கூட்டம் நின்றது. எல்லாரும் என்னைப்போல் நிறுத்தச் சொல்லி வந்தவர்கள் என்று நினைத்து உள்ளூர மகிழ்ந்தேன். விசாரித்தால், அழுத்தம் போதவில்லை, குரல் தெளிவாகக் கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் நேரம் தண்ணீர் விட முடியுமா என்று கேட்க வந்தவர்களாம். மேட்டுப்பகுதிக்காரர் ஒருவர், தங்கள் பக்கம் பழைய ஆற்றுத் தண்ணீர்தான் வருகிறது, இது அநியாயம் என்று மனுக் கொடுத்தார்.

ஸ்வப்னாவிடம் தனியாகச் சொன்னேன், இது இயற்கைக்கு விரோதம், எந்தப் படுகையின் ஆட்கள் அந்தப் படுகையில் இருப்பதுதான் முறை, சாயங்காலமே சுவிட்சை அணைத்துவிடுகிறேன் என்று. அவள் திறந்திருந்த என் புகாரைக் கம்ப்யூட்டரில் மூடினாள். பிறகு, "நிறுத்தாதீங்க சாரே" என்றாள். "என் வீட்டுக்காரர் நேத்துதான் வந்தாரு. ஒண்ணும் மிண்டல, பேசவே இல்ல. பாத்திரம் கழுவுறப்போ கைமேல விழுற தண்ணி மட்டும் லேசா சூடா இருக்கு. அத்ரதான், வேற ஒண்ணும் இல்ல." அவள் புருஷன் பைக் விபத்தில் போனது போன ஓணத்துக்கு முன்பு. குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பம்ப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஊருக்கெல்லாம் இது சந்தோஷமாகவே இருக்கட்டும். என் வீட்டில் இது எமனாக வந்திருக்கிறது. உன் அக்காள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். முதல் நாளே டம்ளரைக் கையில் எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாவையா குடிக்கச் சொல்லுதீங்க?" என்று கேட்டாள். அதோடு சரி. பாத்திரம் கழுவ மாட்டேன் என்றாள், நான் காகிதத் தட்டு வாங்கி வந்தேன். தரை துடைக்க மாட்டேன் என்றாள், அப்பாவைத் தரையில் போட்டுத் துடைப்பதா என்றாள். குளியல் ஈரத்துண்டோடு நின்றது, ஏனென்றால் குளித்த தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகிறது. வீட்டில் தண்ணீருக்கு இன்னும் சில உபயோகங்கள் உண்டு, அவற்றுக்கு நான் ரயில் நிலையம் வரை போய் வருகிறேன், விவரமாக எழுதக் கை கூசுகிறது.

போகட்டும், பாட்டில் தண்ணீர் வாங்கி வந்தேன். கொஞ்சம் குடித்தாள். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டிலில் ஒட்டிய பொடி எழுத்தைப் படித்தாள், நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கம்பெனி என்று கண்டுபிடித்து வைத்துவிட்டாள். இளநீர் வாங்கினேன். மரம் எந்த ஊரில் நிற்கிறது என்று இளநீர்க்காரனைக் கேட்டாள், அவன் பெருமையாகப் பாறசாலை என்றான், போயிற்று. தர்பூசணி கொண்டுவந்தேன், அது தமிழ்நாட்டுத் தர்பூசணி என்று பழக்கடைக்காரனைச் சத்தியம் செய்யவைத்தேன், இரண்டு துண்டு தின்றாள், அப்புறம் அதுவும் ஏதோ ஒரு ஆற்றைக் குடித்துத்தானே வளர்ந்தது, அந்த ஆற்றில் யாருடைய அப்பாவோ என்று தட்டைத் தள்ளிவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் தவறில்லை. நாம் குடித்த தண்ணீரெல்லாம் யாரோ ஒருத்தர்தான் என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது, காப்பி இறங்கவில்லை.

உதடு வெடித்துவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. புதன்கிழமை மயக்கமாக விழுந்தாள், ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் சேர்த்தேன். கையில் சலைன் ஏற்ற வந்த நர்ஸிடம், இது எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டுவிட்டு ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள். தூக்க மருந்து கொடுத்துத்தான் ஏற்றினார்கள். சிறுநீரகம் கெட்டுப்போகும், இனி நான்கைந்து நாள் இப்படி இருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இப்போது சமையலறையில் நாற்காலி போட்டுக் குழாய்க்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவள் தாகத்தில் நாக்கைச் சுழற்றுவதைப் பார்க்க முடியவில்லை. அவள் இல்லாமல் எனக்கு இந்த ஊரும் வேண்டாம், எந்த ஆறும் வேண்டாம். இதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை, உன்னிடம் எழுதுகிறேன்.

நான் மாமாவிடம் பேசிப் பார்த்தேன். கைகட்டிக் குழாய் முன்னால் நின்று, உங்களால் மகள் சாகிறாள், தயவுசெய்து கடலுக்குப் போய்ச் சேருங்கள் என்று கேட்டேன். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில், "பயல் வந்து சொல்லட்டு மாப்பிளே" என்றார். பயல் என்றது உன்னைத்தான். இருக்கச் சொன்னவன் நீ, போகச் சொல்ல வேண்டியவனும் நீதான். ஆகவே ஆபீஸையும் ஆடிட்டையும் அடுக்கி வைத்துவிட்டு அடுத்த ரயிலில் வா. இங்கே குழாயில் ஒரு குடம் பிடித்து, திருவல்லம் கோயிலில் பிண்டம் வைத்துப் பலி போட்டு, அங்கிருந்து கடலில் கொண்டுபோய் விட்டு, வாய் திறந்து "போயிட்டு வாங்கப்பா" என்று சொல். வயலைப் பற்றிக் கேட்டால் நான் பக்கத்தில் நிற்கிறேன், பயப்படாதே. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்.

திவ்யலட்சுமிக்கு என் ஆசிகள், குழந்தைக்கு முத்தங்கள். உன் குடும்பம் வற்றாத தண்ணீரும் குறையாத நெல்லுமாக வாழவேண்டும் என்று பத்மநாபசுவாமியை வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புள்ள அத்தான்,
அழகியநம்பி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் நல்ல செய்தி வந்துவிட்டது, ஆகவே நீ வர வேண்டாம். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. ஸ்வப்னா போன் செய்தாள். எங்கள் தெருக் குழாய், அந்த ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே உள்ள பழைய பம்ப் ஹவுஸிலிருந்து வருவதாம், இணைப்பை மாற்றவேயில்லையாம், ஆரம்பத்திலிருந்து இங்கே பழைய கரமனையாற்றுத் தண்ணீர்தான் வருகிறதாம், நெய்யாற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம். எனக்கு அவமானமும் ஆனந்தமும் ஒன்றாக வந்தன. மாடிக்கு ஓடிப்போய்த் தொட்டியைப் பார்த்தேன், தண்ணீர் சமமாக நின்றது. வெயிலில் எனக்குத்தான் ஏதோ தோன்றியிருக்கிறது. கீழே வந்து நீலாம்பாளிடம் சொன்னேன். அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, சொம்பு நிறையப் பிடித்து, மடமடவென்று மூச்சுவிடாமல் குடித்தாள், திரும்பவும் பிடித்துத் திரும்பவும் குடித்தாள். உடனே முகத்தில் களை வந்துவிட்டது. இத்தனை நாள் வீணாகப் பயந்தோம். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி கொள்ளாம், நல்ல ருசி" என்றாள். நான் எழுந்து நின்றேன். "இரியும் மாப்பிளே, எதுக்கு நிக்கீரு?" என்றாள். நான் இன்னும் உட்காரவில்லை.